எப்போதும் இருக்கும் பாரம்

வா மகளே, வெயிலில் வந்திருக்கிறாய். மின்விசிறிக்கு நேராக உட்கார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள். முதலில் தண்ணீர் குடி. விசாரணை என்று வந்த பிறகு நீ கேட்கத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காதே. முதலிலிருந்து கதையாக நானே சொல்லிவிடுகிறேன். துண்டு துண்டாகக் கேட்டால் எனக்குத் துண்டு துண்டாகப் பொய் வரும். கதையாகச் சொன்னால் எதையும் விட மாட்டேன். உனக்கும் பயன்படுகிற கதைதான். வாசலில் உன் வண்டியைப் பார்த்தேன், பின்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள். உள்ளே பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

இந்த வீட்டின் முன்கூடம்தான் என் கடை. சுவர் முழுக்கத் தொங்குகிற இரும்புச் சுருள்கள் ஸ்பிரிங். பெட்டிகளில் இருக்கிற குழாய்கள் ஷாக். காடு மேடு ஏறுகிற வண்டிகளுக்கு இவை இரண்டையும் தவிர வேறு எதையும் நான் விற்றதில்லை. இவன் அப்பா லாரி எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. விபத்தெல்லாம் இல்லை, போன இடம் பிடித்துவிட்டது. அவர் போட்டுவிட்டுப் போன பழைய சாமான்களைத் தொட்டும் தூக்கியும் பார்த்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

ஸ்பிரிங் ஒரு முன்கோபி. அழுத்தினால் எகிறும், எகிற ஆரம்பித்தால் நிற்கத் தெரியாது. போதும் உட்கார் என்று கையைப் பிடித்து இழுப்பதுதான் ஷாக். அதிக பாரம் ஏற்றுகிற வண்டிக்கு உயரமான ஸ்பிரிங் போட்டால் ஷாக்கும் அதற்குத் தகுந்த நீளத்தில் இருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டையை மாட்டினால் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கையைத் தூக்கும்போதுதான் அக்குளில் கிழியும். இங்கே கை என்பது சக்கரம். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டை ஷாக் அதன் எடை முழுவதையும் தனியாகத் தாங்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் நிற்கும்.

கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். வண்டியில் எப்போதும் இருக்கும் பாரம் எவ்வளவு? எப்போதாவது ஏற்றுகிற பாரத்தைக் கேட்க மாட்டேன். அதைக் கேட்டால் எல்லாரும் பெருமையடிப்பார்கள். வருஷத்தில் ஒரு தடவை மலைக்குப் போகிறவர், யானையை ஏற்றப்போவதுபோல் ஸ்பிரிங் கேட்பார். கொடுத்தால் அடுத்த மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால் பாரம் தெரியாமல் நான் எதையும் அலமாரியிலிருந்து எடுத்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

என் பிள்ளையிடம் ஒரு ஜீப் இருந்தது. எருமை என்று பெயர் வைத்திருந்தான். மலைக்கு மேலே நில அளவை முகாம் ஒன்று போட்டிருந்தார்கள். கருவிகளையும் ஆட்களையும் ஏற்றி இறக்கச் சொந்த வண்டியோடு ஓட்டுநர் வேண்டும், தங்க வீடு தருவோம் என்றார்கள். இவன் சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னான்.

அன்றைக்குக் காலையில் கடைக்குள் வந்து, இதோ நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றான். என் மருமகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எருமைக்கு இடுப்பு விழுந்துடுச்சு. பின்னாடி ரெண்டு பேர் ஏறினாலே டயர் உரசுது. ஷாக்கு ரெண்டும் எண்ணெயா ஒழுகுது."

"பெத்தவ இடுப்பையும் ஒரு நாளு பாருடா" என்றேன்.

"உனக்கென்னம்மா, நீ ஒரிஜினல் பார்ட்ஸ். இன்னும் நூறு வருஷம் ஓடும்."

மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் மாற்றுச் சாமான் எதையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. கூட்டாளிகள் ஆயிரம் சொல்லியிருப்பார்கள், இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி நல்லது என்று. அவன், "நீயே பாத்துக் குடும்மா" என்றான்.

நான் வழக்கம்போல் பாரம் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னான். கருவிப் பெட்டி, தண்ணீர் கேன்கள், இழுவைக் கம்பி, அவன், அவள். சொல்லிவிட்டு ஒரு விரலை மடக்காமல் வைத்திருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள்ல இன்னொரு ஆளும்மா."

"யாருடா அது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள்தான் பேசினாள். "முகாமுக்குக் கீழதான் எங்கம்மா வீடு, அத்தை. பிரசவம், அதுக்கப்புறம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. உங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்ல."

நல்ல பெண். இன்றுவரை அவளை ஒரு குறை சொன்னதில்லை. எனக்கு அலைச்சல் வைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

உயரமான ஸ்பிரிங் நான்கு எடுத்துக் கொடுத்தேன். ஷாக், பழைய நீளத்தில் கொடுத்தேன். பெட்டி மட்டும் நீளமான ஷாக்கின் பெட்டி. அதில் குட்டையை வைத்து மூடி, மேலே நூல் கட்டிக் கொடுத்தேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்ததுகூட நான்தான்.

என் மனதில் இருந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள். ஊர் தாண்டினதும் கல் உடைக்கிற இடத்தருகே ஒரு வடிகால் குறுக்கே போகிறது. எந்த வண்டியும் அங்கே ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் கடக்கும். ஷாக் அங்கே அறுந்தால், ஸ்பிரிங் தன் இடத்தை விட்டுக் கழன்று வண்டி சாயும். கவிழாது. ஒரு காலோ கையோ போகலாம், அவ்வளவுதான். முகாம்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா? வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை வீட்டோடு இருப்பான். மருமகளை நான் நினைக்கவே இல்லை. அது சத்தியம்.

வண்டியில் பூட்டியது தெருமுனை மெக்கானிக். ஒரு கைக்கு மட்டும் உறை போட்டுக்கொண்டு வேலை செய்வான். அதனால் ஊரே அவனை ஒத்தக்கையுறை என்று கூப்பிடும். மத்தியானம் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஷாக்கு குட்டையா இருக்கே. ஜாக்கில தூக்கினா அச்சு முழுசா இறங்க மாட்டேங்குது. பொட்டி மாறிடுச்சா?"

"புது மாடல்டா தம்பி. உள்ள கேஸு அடைச்சிருக்கு. பாக்கத்தான் குட்டை. ஓட ஓட விட்டுக்குடுக்கும்."

"எனக்கென்னமோ மனசு ஒப்பலக்கா."

"உன் மனசு எதுக்குடா ஒப்பியிருக்கு. பொண்ணு பாக்கப் போனப்பவும் இதேதான் சொன்னே."

அவன் சிரித்துவிட்டான். "சரி விடு. நீ என்ன, பெத்த பிள்ளைக்குத் தப்பாவா குடுப்பே."

அவனுக்கு ஒரு கை உறைக்குள், ஒரு கை கிரீஸில். போனை வண்டியின் மூடிமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசியிருக்கிறான். பக்கத்தில் மருமகள் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வடிகாலுக்கு இங்கிருந்து அதிக தூரமில்லை. யாராவது ஓடி வருவார்கள் என்று தண்ணீரும் பழைய வேட்டியும் எடுத்து வைத்திருந்தேன், கட்டுப் போட. ஒருவரும் வரவில்லை. தரக்குறைவான சரக்கை நான் ஒருநாளும் விற்றதில்லை, மகளே. அன்றைக்கு அதுவே வினையாகப் போயிற்று. அந்த ஷாக் வடிகாலைத் தாண்டிவிட்டது.

சொல்லித் தடுக்க நேரம் இருந்ததா என்று நீ கேட்பாய். இருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அவனே போன் செய்தான். "அம்மா, எருமை மெத்தை மாதிரி போகுதும்மா. கை ராசின்னா உன் கை ராசிதான்" என்றான். நான், "மெதுவா போடா கண்ணு" என்றேன். மெதுவாகப் போகச் சொன்னதை எழுதிக்கொண்டாயா? எழுது.

மலையில் மூன்றாவது வளைவில் தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று இருந்ததாம். சக்கரம் அதில் தொங்கியது. மற்றதெல்லாம் உன் கையில் இருக்கிற தாளிலேயே இருக்கும். மருமகள் வெளியே விழுந்துவிட்டாள். அவளுக்கு எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றில் இருந்ததுதான் போயிற்று. பிள்ளை வண்டியோடு உருண்டான். முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பாவம், அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும். நான் ஒன்றுதான் கேட்டேன், வீட்டுக்கு எப்போது அழைத்துக்கொண்டு போகலாம் என்று.

ஒத்தக்கையுறையை உங்கள் போலீஸ் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனில் என்னிடம் கேட்டதாக அவன் சொல்லியிருக்கிறான். என்னிடம் விசாரித்தார்கள். "போன் பண்ணினான், கூலி விஷயமா. வேலை அதிகம், பாவம், எந்தப் பொட்டியை எடுத்தான்னு மறந்திருப்பான்" என்றேன். பாவம் என்றது மனதாரச் சொன்னது. மழைக்காலமே முடிந்துவிட்டது, அவன் இன்னும் சிறைக்குள்தான் இருக்கிறான். அவன் கடைக் கதவில் துரு ஏறிவிட்டது. போகிறபோதும் வருகிறபோதும் பார்க்கிறேன், எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வீடு நிறைந்துவிட்டது. காலையில் நானே அவனுக்கு முகம் கழுவிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். சின்ன வயதில் சீப்பை எடுத்தாலே தெருக்கோடிக்கு ஓடுவான். இப்போது வாரி முடிக்கிறவரை அசையாமல் இருக்கிறான். சில நாள் சும்மாவே இரண்டாம் தடவை வாரிவிடுவேன்.

நேற்று மருமகள் வந்தாள். அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி இருக்கிறதாம். கைகளை வைத்துக்கொண்டு தானே எழுந்து உட்காரவும் வண்டி ஓட்டவும்கூடக் கற்றுக்கொடுப்பார்களாம். இவன் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வரேம்மா" என்றான். அவன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், அதே சொற்கள். நான் அவளிடம், அவனை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "அன்னைக்கு மெக்கானிக் அண்ணன் போன்ல கேட்டப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன், அத்தை" என்றாள். சத்தம் போடவில்லை. திரும்பிப் போய்விட்டாள். இன்றைக்கு நீ வந்திருக்கிறாய். அவள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள், ஜன்னலில் தெரிகிறது. நிழலுக்கு வரச் சொல், மகளே. அந்தப் பெண் வாய்விட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காது.

முன்னால் ஒன்று சொன்னேன், மருமகளை நான் நினைக்கவே இல்லை என்று. அதை அடித்துவிடு. பாரம் தெரியாமல் எதையும் எடுத்ததில்லை என்று சொன்னவளும் நான்தானே. கருவிப் பெட்டி, தண்ணீர், அவன், அவள், அந்த இன்னொரு ஆள். எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்த்தேன். நீளமான ஷாக் அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டது. துணியை வைத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியில்கூட வைத்துவிட்டேன். அலைச்சல் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்ப வெளியே எடுத்து மேல் தட்டில் வைத்தேன். அதோ, உன் தலைக்கு மேலே, இன்னும் அங்கேயே இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள். வடிகாலில் சாய்ந்தால் யாருக்கு என்ன ஆகும், அந்த நிலைமையில் இருக்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் பெற்றவள்.

இனி ஒத்தக்கையுறையை வெளியே விட்டுவிடு. நான் உன்னோடு வருகிறேன். பிள்ளையிடம் மட்டும் எதையும் படித்துக் காட்டாதே. அம்மா சரக்கு எடுக்கப் போயிருக்கிறாள் என்று சொல்.

விழித்துவிட்டான். கிறீச்சென்று கேட்கிறதே, அது அவன் நாற்காலிச் சக்கரம். பயப்படாதே, அறை வாசல்வரைதான் வருவான். அந்தச் சக்கர நாற்காலி அறைக் கதவு நிலையைவிட இரண்டு விரல் அகலம். பாகம் பாகமாக வந்தது, உள்ளே வைத்து நான்தான் பூட்டினேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அளவு தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று அவன் கேலி செய்வான். நானும் ஆமாம் என்று சொல்லிச் சிரிப்பேன். கடைக்காரர் சின்ன நாற்காலியும் காட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். எதையும் நான் அளவெடுக்காமல் வாங்கியதில்லை, மகளே.

உன் வண்டியில் பின்னால் யார் உட்காருவார்கள்? பிள்ளைகளா?

நன்றாக இரு. உன் வீடு எப்போதும் நிறைந்திருக்கட்டும். காலையில் போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்பட்டும். நீ பெற்ற பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தாலும் உன் கை எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும். ஒருவர்கூட உன் வாசலைத் தாண்டாமல் இருக்கட்டும்.