உலகம்மாள் அடித்த விசில்

ஒரு சின்னச் சமாச்சாரம் சொல்லிட்டு மேல போறேன், கேளுங்க தாயிமாரே...

நம்ம பீடிச் சங்கத்துல எங்க கிளைக்கு உலகம்மாள்தான் செயலாளர். ராசா காலத்துக் கம்புச் சண்டைப் படம் ஒண்ணு வந்துச்சு. கதாநாயகி ஒத்தைக் கம்பால இருபது பேரை விரட்டுறா. உலகம்மாள் நாலு தடவை பார்த்தா. நாலு தடவையும் விசில்! தியேட்டரே திரும்பிப் பார்த்துச்சு.

ஆனா படத்துல ஒரு கோளாறு. வரி கட்ட மாட்டோம்னு நின்ன குடியானவங்களைத் துரோகிங்கிறான் படம் எடுத்தவன். கடைசியில அந்தப் பொண்ணு கம்பை ராசா காலடியில வச்சுக் கும்பிடுறா.

விடுவாரா தோழர் மாசானமுத்து? கிளைக் கூட்டத்துல எந்திரிச்சாரு.

"ராசா படத்துக்கு விசிலடிச்சவ, முதலாளி முன்னால நிமிர்ந்து நிப்பாளா? மன்னிப்பு எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா பதவியை விட்டு எறங்கணும்!"

பதினோரு வருசம்... மட்டமான பீடி இலையைத் தராதேன்னு கம்பெனிக்காரன்கிட்ட மல்லுக்கட்டினவ... ஒரு விசிலுக்காக எறங்கணுமா?

உலகம்மாள் கேட்டா: "தோழரே, நீரு படம் பார்த்தீரா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? பத்திரிகையில விமர்சனம் படிச்சேன்."

"நான் பார்த்தேன்வே! அவ கம்பு சுத்தையில விசிலடிச்சேன். ராசா கால்ல வச்சப்போ, 'எடுடி கம்பை!'ன்னு கத்துனேன். டிக்கெட் கிழிக்கிறவன் வந்து, 'வெளியே போறியா, பேசாம இருக்கியா'ன்னான். விசிலும் என்னுது, கத்துனதும் என்னுது. எழுதித் தர மாட்டேன்!"

"அப்போ வாக்கெடுப்பு! இவளை நீக்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க."

எங்க கூட்டத்துல பீடி சுத்திக்கிட்டேதான் பேச்சைக் கேப்போம். கை தூக்கணும்னா மடியில இலையும் தூளுமா இருக்கிற சுளகை இறக்கி வைக்கணும். ஒருத்தி... ஒருத்தியாவது இறக்கணுமே? அறுபது சுளகும் மடியிலேயே இருந்துச்சு. இலை வெட்டுற கத்தரிச் சத்தம்தான் கேட்டுச்சு.

பின்னாலேருந்து கோமு சொன்னா: "தோழரே, சாயங்கால ஆட்டத்துக்கு வாரும். டிக்கெட் நான் எடுக்கேன்!"

எதுக்கு இதைச் சொல்றேன்? பிடிச்சிருந்தா ரசி. யாருகிட்டயும் அனுமதி கேக்காதே. அதே படத்துல அநியாயம் இருந்தா, அதையும் சத்தமாச் சொல்லு. ரசிக்கத் தெரிஞ்சவளுக்கு எதிர்க்கத் தெரியாதுன்னு எவன் சொன்னான்?

நாளைக்குக் காலையில நியாயம் கேட்டுக் கம்பெனி வாசலுக்குப் போறோம். உலகம்மாள்தான் முன்னால போறா. அவளுக்குப் பின்னால நான் போறேன்.

எனக்குப் பின்னால... யாரு?