செவிப்பறைக்கு ஒரு தகரக் கூரை

ஐயா,

அந்த இடது காது அறுவை பற்றித் தாங்கள் விளக்கம் கேட்டதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். அன்று அறையில் நால்வர் இருந்தோம். சன்னலோரம் நோயாளி சிப்பேட்டா. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் ஆசான். கதவருகே பாயில் அவர் மனைவி எலுபி. நடு நாற்காலியில் சிப்பேட்டாவின் தாய்மாமன் மலுங்கா. மேசைக்குப் பின்னால், அறுவை செய்யவிருந்த நான்.

நம் ஸோம்பாப் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலும் தாய்மாமன் சொல்வதுதான் முடிவு. ஆகவே அவரிடமே கேட்டேன். செவிப்பறை ஓட்டையை அடைக்கக் காதுக்கு மேலிருக்கும் தசையின் மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டலாம். இல்லையேல் காதுக் குருத்தெலும்பை வைக்கலாம்.

"புரியுற மாதிரி சொல்லு தாயி."

"சவ்வு புல்லுக்கூரை, பெரியவரே. குருத்தெலும்பு தகரம்."

"தகரம் இருக்கையில எவனாச்சும் புல்லு வேய்வானா? எங்க குடும்பம் என்ன அவ்வளவு கேடுகெட்டா போச்சு?"

"எனக்குச் சுருதி துல்லியமா கேக்கணும்," என்றார் சிப்பேட்டா.

"நீ சும்மா இரு மருமவனே. பெரியவங்க பேசுறோம்ல."

"மழை பேஞ்சா தகரத்துக்குக் கீழ ஒண்ணும் கேக்காதே," என்றாள் எலுபி.

"காதுக்குள்ள எங்கம்மா மழை பேயுது?"

நானும் சிரித்தேன். குடும்பப் பேச்சில் குறுக்கிடுவது முறையல்ல.

குருத்தெலும்பைப் பாதித் தடிமனுக்குச் சீவி வைத்தால் கேட்கும் திறன் அவ்வளவாகக் குறையாது. கத்தி என் கையில்தான் இருந்தது. சீவவில்லை. உறுதியைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. "தாயி, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று பாட்டுப் பயிற்சியில் சிப்பேட்டா சபை நடுவே என்னிடம் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒட்டு அருமையாகப் பிடித்துக்கொண்டது. ஓட்டை இல்லை, சீழ் இல்லை. மேல்சுரங்கள் மட்டும் அவர் காதுக்கு எட்டுவதில்லை. போன ஞாயிறு நான் தனியாகப் பாடினேன். கண்ணை மூடித் தலையாட்டினார். எலுபி அழுதாள், சங்கீதம் சிலரை அப்படி உருக்கிவிடும்.

ஆம், தெரிந்தே தடிமனாக வைத்தது நான்தான்.

அவருடைய வலது காதிலும் ஓட்டை இருக்கிறது. நாளைக் காலை அறுவை. மாமா மறுபடியும் தகரமே கேட்டிருக்கிறார். தாங்கள் வேண்டாமென்றால் உடனே நிறுத்திவிடுவேன். மேலிடத்துச் சொல்லை நான் மீறியதில்லை.

தாங்கள் இருக்கும் லிலோங்வேக்குப் போகும் மினிபஸ் வாசலில் ஹாரன் அடிக்கிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தால் இன்று மாலைக்குள் தங்கள் கையில் இருக்கும். ஆனால் அவன் சட்டைப்பையில் கடிதம் கசங்கிவிடும். ஆகவே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்; நாலைந்து நாளில் கசங்காமல் வந்து சேரும்.