பர்மா நாத்தம்

யுத்த காலம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“வீட்டு நாத்தம் வெளிய போயிடக் கூடாதுன்னு சன்னல சாத்தி வெச்சிருக்கேங்க்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்டி?”

“ஸ்கூல்ல ஆளுக்கொரு தேசத்து சாப்பாட்ட விசாரிச்சுக்கினு வரச் சொன்னாங்க. எம் பொண்ணு பர்மாவ கேட்டு வாங்கிக்கினா. அவ அப்பா அங்கதான மாட்டிக்கினு கீறாரு, தகவலே இல்ல. லீவுல வந்தப்ப, ஊறவெச்ச மீன் விழுது கொண்ணாந்தாரு. நாத்தம் தாங்காம அவர வாசல்ல ஒக்காந்து துன்னச் சொல்லுவேன்.”

“அது இப்ப ஏது?”

“மரக்காணத்து மீன உப்புல ஊறவெச்சு நானே இடிச்சேன். அதே நாத்தம். ஸ்கூல்ல காட்டறதுக்கு கொஞ்சம் குடுத்தனுப்புனேன்.”

“மிச்சத்த கொட்டிடேன்.”

“எப்படிக்கா கொட்டுவேன்? அவரு நடுவூட்ல ஒக்காந்து சாப்பிடற மாரியே கீது.”