இரண்டு பச்சைப் பாலங்களுக்கு நடுவே

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, என்னிடம் இல்லாத பெருமைகளையெல்லாம் எடுத்துச் சொல்லி என்னைக் கூச வைத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே! சொன்ன சொல்லில் இம்மியும் பிசகாத இரும்புக்கடை முதலாளி ஐயா அவர்களே! முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் முகம் மலர வீற்றிருக்கும் செல்லங்களே! அவர்களைச் சுமந்து சுமந்து இடுப்பொடிந்த தாய்மார்களே! பெரியோர்களே! மூன்றாம் வரிசையிலிருந்து "சீக்கிரம் முடி" என்று கையாட்டும் என் வீட்டுக்காரியே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். வணக்கத்தோடு சேர்த்து என் குழப்பத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆம், குழப்பம்! நான் எழுதிக் கொண்டுவந்த உரை சட்டைப்பையில் இருக்கிறது. நான்கு பக்கம். நல்ல நல்ல வார்த்தைகள். அதைப் படிக்க முடியாதவனாக உங்கள்முன் நிற்கிறேன். என்ன ஆயிற்று இவனுக்கு என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் பத்து நிமிடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக மேலே, கீழே, மேலே, கீழே. அவ்வளவுதான் என் பயணம். மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பள்ளிக்கு எதிர்க்கட்டடத்தில் வேலை. மொட்டைமாடி மோட்டார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு தாய் தன் மகளைப் பேருந்துப் படியிலிருந்து தூக்கி இறக்கினார். ஒரு படி, நின்றார். இன்னொரு படி, நின்றார். பின்னாலிருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். ஆட்களைத் தூக்க என்னிடம் இயந்திரம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் இடுப்பு மட்டும்தானே இருக்கிறது? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சக்கர நாற்காலியோடு பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தூக்குப்பலகை வைத்த பேருந்து வேண்டும் என்று இந்தப் பள்ளி கேட்டுக்கொண்டிருந்தது. ஊரார் கொடுத்தார்கள், பாதிதான் தேறியது. மீதிக்கு ஐயாவின் கடைக்குப் போனேன். அவர் என் தொந்தியைப் பார்த்தார். சிரித்தார்.

"ஆத்தங்கரைப் பாதை நானூத்திச் சொச்சம் கிலோமீட்டராமே? அத ஓரடி விடாம நடந்து காட்டு. மிச்சத்த நான் போடறேன்" என்றார்.

நடந்தோம் ஐயா, நடந்தோம்! நானும் என் மச்சானும். அதோ, கதவோரம் நிற்கிறாரே, சலூன்காரர். ஊருக்கெல்லாம் முடியை வெட்டுவார், எனக்கு மட்டும் பேச்சை வெட்டுவார். ஒரே மூச்சில் நடக்க யார் லீவு தருவார்? ஆகவே தவணை தவணையாக நடந்தோம். நான்கு நாள் லீவு கிடைத்தால் நான்கு நாள் நடை. எங்கே நிறுத்தினோமோ, அடுத்த முறை அங்கேயே தொடக்கம். வெயிலில் வெந்தோம், மழையில் நனைந்தோம், சேற்றில் சறுக்கினோம், செருப்பைத் தொலைத்தோம்! கொப்புளம் வெடித்தது, கோபம் வெடித்தது, இரண்டு நாள் நானும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசாமலே முப்பது கிலோமீட்டர் கடந்தோம்! பதினோரு தவணை! மூன்று ஆண்டு!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

எட்டாம் தவணையை ஒரு பச்சை இரும்புப் பாலத்தில் முடித்தோம். ஒன்பதாம் தவணைக்கு அந்தப் பாலத்துக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. அந்தத் தவணையை முடிக்க வேண்டிய ஊருக்குத்தான் வண்டி இருந்தது. "அந்தக் கோடியிலேருந்து இந்தப் பாலத்துக்குத் திரும்பி நடப்போம் மாமா, தூரம் ஒண்ணுதான" என்றார் மச்சான். சரியென்று தலைகீழாக நடந்தோம். நான்காம் நாள் பச்சைப் பாலம் தெரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். படம் எடுத்தோம். வண்டியேறி வீடு வந்தோம்.

சற்றுமுன் இந்தத் திரையில் எங்கள் படங்களைக் காட்டினீர்களே, நீங்கள் எங்கள் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பாலத்தைப் பார்த்தேன். எட்டாம் தவணைப் பாலத்தில் தரை மரப்பலகை. ஒன்பதாம் தவணைப் பாலத்தில் தரை இரும்புத் தகடு!

"நடுவுல ரிப்பேர் பாத்திருப்பாங்க மாமா! உக்காருங்க!"

கேட்டீர்களா? மச்சான் வெட்டிவிட்டார்! நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன், மாப்பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் வரைபடத்தைத் திறந்தேன். பாலம் ஒன்றல்ல, இரண்டு! நடுவே இரண்டேகால் கிலோமீட்டர். அந்த மண்ணில் எங்கள் கால் படவே இல்லை!

மேடையில் பேருந்துச் சாவி இருக்கிறது. வாசலில் பேருந்து நிற்கிறது. தலைக்குமேல் தட்டியில் 'ஓரடி விடாமல்' என்று கொட்டை எழுத்து. நான் முடித்தவனா? முடிக்காதவனா? சொன்னால் சாவி போய்விடுமோ? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்காக ஒரு பொய் பொறுக்கலாமா? பயமாக இருந்தது, அம்மா. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நட்டை முடுக்காமல் விட்டுவிட்டு, பரவாயில்லை என்று ஆட்களை மேலே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

என்ன, பரவாயில்லையா? பின்வரிசையிலிருந்து நீங்கள் சொல்கிறீர்கள், ஐயா சொல்லவில்லையே! ஐயா, மன்னிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று நீங்களே...

"ஓரடி விடாமன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை போய் அத நடந்துட்டு வா. சாவி அப்புறம்."

நியாயம்! கேட்கக் கசந்தாலும் நியாயம். அப்படியே செய்கிறேன். அம்மா, அந்தச் சாவியை... யாரது? முன்வரிசையில் கை தூக்குவது யார்? ஒலிவாங்கியை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்.

"மாமா, மிச்சத்த நாங்களும் உங்ககூட வந்து முடிக்கிறோம்."

என் தங்கமே! வா, எல்லோரும் வாருங்கள்!

"ஆனா எங்க நாற்காலியெல்லாம் சாதா பஸ்ல ஏறாதே. இந்த பஸ்ஸு இருந்தாத்தான அங்க வர முடியும்? அப்ப மொதல்ல சாவிய குடுத்தாத்தான நடைய முடிக்க முடியும்?"

சிரிக்காதீர்கள்! இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்! நடை முடியாமல் சாவி இல்லை. சாவி இல்லாமல் நடை முடியாது. ஐயா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைமையாசிரியை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மூன்றாம் வரிசையில் என் வீட்டுக்காரிகூடக் கையாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பொறுங்கள், ஐயா எழுந்திருக்கிறார். சாவியை எடுக்கிறார். மேடையிலிருந்து இறங்குகிறார். அவள் மடியில் வைக்கிறார்! ஐயா, ஒலிவாங்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"நீ சொல்றதுல எங்கயோ ஒரு தப்பு இருக்கும்மா. எங்கன்னுதான் எனக்குப் புடிபடல."

எனக்கும் பிடிபடவில்லை ஐயா! பிடிபடவும் வேண்டாம்! மூன்று வருடமாக முட்டி தேய நடந்தவன் நான். ஆனால் பேருந்தை வாங்கியது அவள்!

"தாரு ரோடுதான் மாமா, நாற்காலி நல்லா உருளும்!" என்கிறார் மச்சான். நாம் இருவரும் அங்கே நடக்கவே இல்லையே, உமக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தைப் பார்த்தாராம். இதை ஒன்பதாம் தவணையிலேயே பார்த்திருக்கலாம். போகட்டும்.

ஞாயிறு காலை ஆறு மணி, பள்ளி வாசல். தாய்மார்களே, நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள். யாரையும் தூக்க வேண்டாம், கையை வீசிக்கொண்டு நடங்கள். பிள்ளைகள் முன்னால் போகட்டும், நாங்கள் பின்னால் வருகிறோம். அந்த இரண்டேகால் கிலோமீட்டர் அவர்களுடையது. நடந்து முடித்தவர்கள் யார் என்று இனி எவர் கேட்டாலும், அவர்கள் பெயரைத்தான் சொல்வேன்.

குழம்பிப் பேசியவனைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், குறுக்கே பேசிக் காப்பாற்றிய அவளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!