சுல்தானுக்கு வாசித்த உபசாரப் பத்திரம்

பத்திரத்தைக் காகிதத்தில் அடிக்காதீர்கள் தம்பி, பட்டில் அடியுங்கள். இந்த ஊர் ஈரக் காற்றுக்குக் காகிதம் இரண்டு வருஷம் தாங்காது, ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். மஞ்சள் பட்டில் கறுப்பு மை போட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் எழுத்து எடுப்பாகத் தெரியும்.

என்னைப் பாராட்டிச் சபையில் வாசிக்கும் உபசாரப் பத்திரத்துக்கு விவரம் கேட்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். பந்தாட்டச் சங்கத்தின் புதிய காரியதரிசி, பள்ளிக்கூட வாத்தியார் வேறு. கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. ‘காலை இழந்த பந்தாட்ட வீரர் முகம்மது சுல்தானை மூன்று வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ரிக்‌ஷாவில் திடலுக்கு அழைத்து வந்து, ஆட்டம் முடிந்ததும் வீடு சேர்க்கும் உத்தமர் பக்கீர் மைதீன்’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். உத்தமர் என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சரி. சில விவரம் விட்டுப்போயிருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சூலியா தெருவில் அரிசி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கிராணி. இருபது வருஷமாக மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன். முதலாளி என்னை ‘இந்தாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்கு மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

சுல்தான் ஆடி நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் ஊருக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெறுங்காலோடு ஆடுவார். எதிரே பூட்ஸ் போட்ட துரைமார் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள், இவர் பந்தை அவர்கள் இடுக்கில் நுழைத்துக்கொண்டு போய்விடுவார். படகுக்காரன், ரிக்‌ஷாக்காரன், கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, மலாய்க்காரப் போலீஸ் எல்லோரும் ஒரே வாயாக ‘சுல்தான், சுல்தான்’ என்று கத்துவார்கள். இடது மூலையிலிருந்து அவர் உதைக்கிற மூலை உதைக்குத்தான் பாதிக் கூட்டம் வரும். பந்தை வைப்பார், நாலு எட்டு பின்னால் போவார், ஒரு தரம் வானத்தைப் பார்ப்பார். பிறகு ஓடி வந்து இடது காலை ஊன்றி வலது காலால் உதைப்பார். பன்னிரண்டு வருஷம் அந்த மூலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான். இடது கால் பந்துக்கு ஒரு சாண் தள்ளி ஊன்றும். ஒரு நாளும் விரற்கடை பிசகியதில்லை. பினாங்கில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முப்பத்தொன்றாம் வருஷம், ‘இந்தப் பருவத்தோடு ஆட்டத்துக்கு முழுக்கு’ என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். கேட்டவர்கள் கலங்கிப்போனார்கள். ஊரே சேர்ந்து வழியனுப்ப வேண்டும் என்று ரசிகர்கள் கூடிக் கமிட்டி போட்டோம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். பிரிவுபசாரப் பத்திரம் எழுதி, அதைச் சபையில் நின்று வாசிக்கும் வேலையும் எனக்கே வந்தது.

மூன்று மாதம் எழுதினேன். சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதாத கை. அச்சாபீஸில் ஈயெழுத்தைக் கோர்க்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அடியில், ‘பக்கீர் மைதீன், கௌரவக் காரியதரிசி’ என்று பட்டில் வந்தது. பத்திரத்தைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டேன். சாயங்காலமானால் கடற்கரைச் சுவரோரம் போய் அலைக்கு மேலே குரலை எழுப்பி வாசித்துப் பழகினேன். மண்டபம் பேசியாயிற்று, தலைமை தாங்க ஒரு பெரிய மனிதரும் ஒத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது சுல்தான் கிட்டங்கிக்கே வந்தார். முந்தின சனிக்கிழமைதான் மூன்று கோல் போட்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம்னு பாக்குறேன். காலு நல்லாத்தானேலா இருக்கு.”

“கூட்டம் வச்சாச்சே தம்பி. பத்திரமும் அச்சாயிருச்சு.”

“பட்டுதானே, கெட்டா போயிரும்? பெட்டியில சிம்பான் பண்ணி வைங்க. நான் கெழவனானப்புறம் படிங்க.”

சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு பத்து மூட்டைக்குத் தப்புச் சீட்டு எழுதினேன்.

எனக்கு என்மேல் வருத்தமில்லை, அவர்மேல்தான் வருத்தம் என்று சொல்லிக்கொண்டேன். முப்பத்துநாலு வயது. இன்னும் ஒரு வருஷம் போனால் மூச்சு இரைக்கும். இன்றைக்குத் தோளில் தூக்குகிறவனே நாளைக்கு ஊளையிடுவான். உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிட்டால் கடைசிவரை சுல்தான்தானே. நல்ல காரணம் தம்பி, இப்போது யோசித்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை. மூன்று வாரம் நொண்டினால் போதும், பருவம் முடிந்துவிடும், அவர் முதலில் சொன்ன பேச்சு பேச்சாக இருக்கும் என்று நினைத்தேன்.

அரிசிக் கிட்டங்கியில் பெட்டி ஆணிக்குப் பஞ்சமில்லை. ஒரு சிறிய மரத் துண்டில் ஆணியை அடித்து, முனை மேலே நிற்கும்படி வைத்துக்கொண்டேன். நாணயம் சுண்டிய பிறகுதான் யாருக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். அதனால் இரண்டாகச் செய்தேன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுத் திடலுக்குப் போனேன். திடல் காவலாள் வாசு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். “என்ன அண்ணே, நாளைக்கு மூணு கோலா நாலா?” என்று கேட்டான். நாலு என்றேன். இரண்டு கோடியிலும் இடது மூலைக்குப் போய், புல்லைப் பேர்த்து, துண்டைப் புதைத்து, மறுபடி புல்லை மூடினேன். பட்டப்பகல். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மூலைகளில் நான் உட்காராத நாள் ஏது?

மறுநாள் முதல் பாதியிலேயே மூலை உதை கிடைத்தது. பந்தை வைத்தார், நாலு எட்டு போனார், வானத்தைப் பார்த்தார். கால் ஊன்றியதும் அவர் முகம் சுண்டியதை நான் பார்த்தேன். உட்கார்ந்து ஆணியைத் துண்டோடு பிடுங்கி எறிந்தார். எழுந்து, அந்தக் காலையே ஊன்றி, உதைத்தார். கோல் விழுந்தது. கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்தது. நானும் குதித்தேன். அழுதேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். மறு கோடியில் புதைத்ததை இடைவேளையில் நானே பிடுங்கிவிட்டேன்.

சுண்ணாம்பு போட வந்தவன் சாமான் விட்டுப்போனான் என்று பழி வாசுமேல் விழுந்தது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாகான் டாலாமில் எங்கேயோ மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. கடல் கடந்து அந்தப் பக்கம் போய் அவனைப் பார்க்க எனக்குத் தெம்பு வரவில்லை.

இல்லை, பேனாவை வைக்காதீர்கள். இத்தோடு முடிந்திருந்தால் இந்நேரம் சுல்தானிடமே காலில் விழுந்து சொல்லியிருப்பேன். ‘போங்கண்ணே, பைத்தியமா உங்களுக்கு’ என்று மன்னித்தும் இருப்பார். அந்த மனுஷன் அப்படி.

காயம் ஆற ஆரம்பித்துவிட்டது.

அவர் பெண்டாட்டி சித்தி ஹாஜரா ரத்தத்தைக் கண்டால் மயங்கிவிழுகிற பெண். அதனால் தினமும் கட்டு மாற்ற நான் போய்க்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவிழ்த்தால் ரணம் வாய் மூடிக்கிடக்கிறது. சுல்தான் காலைத் தரையில் ஊன்றிக் காட்டினார். “சனிக்கிழமை எறங்கிருவேண்ணே.” ஹாஜரா அடுப்படியிலிருந்து, “எல்லாம் நம்ம அண்ணன் கைராசி” என்றாள். கோழி ஆணம் வைத்துச் சோறு போட்டாள். அவள் கையால் வாங்கித் தின்றேன்.

மறுநாள் நான் கொண்டுபோன துணி கிட்டங்கித் தரையைத் துடைத்த துணி. எலியும் பெருச்சாளியும் ஓடுகிற தரை. ரணத்தின் வாயை மெல்லத் திறந்து, அதை உள்ளே வைத்துத்தான் கட்டினேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கும் அடுத்த நாளும். “எரியுதுண்ணே” என்றார். ஆறும்போது எரியும் என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு காய்ச்சல் கண்டது. கால் கறுத்து வீங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் அண்ணே என்று ஹாஜரா அழுதாள். அங்கே போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்றேன். அவள் பயந்துவிட்டாள். அப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் கால் தங்கியிருக்கும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். கூட இருந்த ஆண்பிள்ளை நான்தானே.

அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆணிக்குக் காரணம் வைத்திருக்கிறேன். துணிக்குக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். அந்த இரண்டு நாளுக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

கூட்டம் குறித்த தேதியிலேயே நடந்தது. தள்ளிப்போடலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள், தள்ளினால் சுல்தான் மனம் உடைந்துபோவார் என்று நான்தான் மறுத்தேன். மண்டபம் கொள்ளாமல் தெருவரை சனம். நாலு படகுக்காரர்கள் அவரை நாற்காலியோடு தோளில் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் அவர் தலையில் பூவைக் கொட்டினார்கள். ஒரு மலாய்க் கிழவர் மிச்சமிருந்த பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதிரணித் துரை ஒருவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

நான் எழுந்து வாசித்தேன். பட்டில் அடித்ததை மாற்ற முடியாது அல்லவா? ‘தாமே மனமுவந்து ஆட்டத்தினின்றும் விலகும் இந்நன்னாளில்’ என்று இருந்தது. அதையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். கடைசி வரியில் என் பெயரைச் சொல்லி முடித்ததும் எழுந்த கைதட்டல் படகுத்துறை வரை கேட்டதாகச் சொல்வார்கள். வாசித்த அத்தனை நேரத்தில் நான் சுல்தானை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது அவர் பாரம் முழுக்க என் தோளில் இறங்கும். வலிக்கும். வலிக்கட்டும் என்று இருப்பேன். போன வாரம், “நீங்க இல்லாட்டி நான் என்னண்ணே ஆயிருப்பேன்?” என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதைச் சொல்லாமல் மாலை வாங்கக் கூடாது என்று.

முகம் வெளுத்துப்போய்விட்டீர்கள் தம்பி. தண்ணீர் குடியுங்கள். போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், கூட்டம் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். சுல்தானும் ஹாஜராவும் முன் வரிசையில் இருக்கட்டும், வாசுவுக்கும் ஆள் அனுப்புங்கள். நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அச்சுக்குக் கொடுங்கள். சபையில் இதை வாசிக்க உங்களுக்கு நா எழாது, எனக்குத் தெரியும். அதற்காகக் கவலைப்படாதீர்கள், நானே வாசித்துவிடுகிறேன். அந்த மண்டபத்தில் எந்த இடத்தில் நின்றால் கடைசி வரிசைவரை குரல் போகும் என்று எனக்குத் தெரியும்.