நான் கொடுத்த ஏ சுரம்

நாகசுரம்போல் சீவாளி வைத்து ஊதும் ஓபோவை வாசிப்பவர்கள் கச்சேரி நாளில் வேர்க்கடலை உண்ணலாகாது. துகள் ஒன்று சீவாளியில் சிக்கினால் சுரம் பிசகும். முப்பத்தோராண்டுகளாக இவ்விதியை நான் மீறியதில்லை என்பதை, விசாரணை அலுவலராகிய தாங்கள் முதற்கண் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தாங்கள் விசாரிப்பது ஒடெசா மெக்கிரேயின் பணிநீக்கம் பற்றி. பிராங்க்ஸிலுள்ள எங்கள் மாட் ஹேவன் சிம்பொனி இசைக்குழுவில் ஹார்ப் என்னும் பெரிய தந்திக்கருவியை வாசிக்க வந்த அவருக்கு அது சோதனை ஆண்டு. ஆண்டின் இறுதிக் கச்சேரியில் அவருடைய ஹார்ப் மட்டும் சுரம் இறங்கி ஒலித்தது. ஆகவே வேலை நிரந்தரமாகவில்லை. அவர் செய்த முறையீடு நியாயமானதா என்பதே தங்கள் கேள்வி. நியாயமானதுதான்.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ ஏ சுரத்தை நீட்டிக் கொடுக்கும். எண்பது பேரும் அதற்கேற்பத் தம் கருவிகளைச் சேர்த்துக்கொள்வர். அதனை எவரும் சரிபார்ப்பதில்லை. ஓபோ தவறு என்பவர் தம் செவியையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். இவ்வேற்பாட்டின் அழகு வெளியாருக்குப் புரிவது கடினம்.

சிம்பொனியும் ஹிப்ஹாப்பும் கலந்த அந்நிகழ்ச்சிக்கு இசைத்தட்டு சுழற்ற வந்தவர் ராட்னி பெல்ட்ரான். பிராங்க்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் ஒத்திகையில் நான் சுரம் கொடுத்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, கோச்சுக்காதீங்க. உங்க ஏ ஒரு நூலு மேல நிக்குது. நம்ம மெஷின்ல பாருங்க, கரெக்டா நானூத்தி நாப்பது ஹெர்ட்ஸ்."

"அப்ப இனிமே மெஷினே குடுக்கட்டும்பா" என்றார் இசை நடத்துநர் ஈவ்ஸ்.

டிராம்போன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "முப்பது வருஷம் ஒழைச்சுட்டாங்க. பென்ஷன் குடுத்து அனுப்பிருங்க."

அனைவரும் சிரித்தனர். ஒடெசா சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை. தலையை இடப்புறம் சாய்த்து, வாயைப் பொத்தி, ஏறத்தாழ நான்கு நொடிகள் சிரித்தார்.

கச்சேரியன்று நான் ஈவ்ஸிடம், ஓபோ சுரம் கொடுக்காவிடில் பழைய சந்தாதாரர்கள் மனம் வருந்துவர் என்று எடுத்துரைத்தேன். "சரி, நீங்களே குடுத்துத் தொலைங்க" என்று அவர் மரியாதையுடன் இசைந்தார். சீவாளியைக் கத்தியால் சற்றே குறைத்தால் சுரம் ஏறும். குறைத்தேன். நானூற்று நாற்பத்தாறு கொடுத்தேன்.

முதல் வயலின்காரர் புருவத்தைச் சுருக்கினார். பின் வெட்கத்துடன் தந்தியை முறுக்கினார். எனக்கருகே இரு செலோக்காரர்கள் கிசுகிசுத்தனர்.

"இன்னிக்கு என் காதுல என்னமோ கோளாறுடா."

"எனக்கும்தான். வாய மூடிக்கிட்டு முறுக்கு."

இசைத்தட்டு தாழ்ந்து ஒலித்து அவமானப்படும் என்பது என் கணிப்பு. ராட்னியோ ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக் கேட்டார், என்னை நோக்கினார், வேகக்கட்டையை ஒரு விரலால் மேலே தள்ளினார். தட்டு சற்றே விரைந்தது. சுரமும் ஏறி எங்களோடு சேர்ந்துகொண்டது. ராப் பாடகர் ஓட்டமும் நடையுமாகச் சொற்களைத் துரத்த, அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஆக, முன்மாலையிலேயே நாற்பத்தேழு தந்திகளையும் பழைய சுரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த ஹார்ப் ஒன்றே எஞ்சியது. அதனை நான் குறிவைக்கவில்லை. அது அங்கே இருந்தது.

இடைவேளையில் ஒடெசா தண்ணீரும் பருகாமல் மண்டியிட்டுத் தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்.

"மேடம், இன்னிக்கு நீங்க ஏறிட்டீங்களா, இல்ல என் ஹார்ப்பு எறங்கிருச்சா? உண்மையச் சொல்லுங்க. இந்த வேலை போச்சுன்னா நான் மறுபடியும் கல்யாண வீட்டுல போய்த்தான் வாசிக்கணும்."

"மேடை வெளக்கு சூடும்மா. தந்தி தளரத்தான் செய்யும்" என்றேன். மங்கலான வெளிச்சத்தில் அவர் சிரமப்பட்டதால் கைவிளக்கைப் பிடித்து உதவினேன். பத்தொன்பதாம் நிமிடத்தில் நாற்பத்தேழாவது தந்தியும் என் சுரத்தைத் தொட்டது. மிகத் துல்லியமான வேலை.

பிற்பகுதிக்கென்று வேறொரு சீவாளியைச் சீவி வைத்திருந்தேன். உழைத்துச் செய்த பொருளை வீணாக்க மனம் வரவில்லை. நானூற்று ஐம்பது கொடுத்தேன்.

வயலின்களில் மூன்று தந்திகள் அறுந்தன. ராட்னி மீண்டும் கட்டையைத் தள்ளினார். பாடகர் மூச்சிரைத்து நின்றபோது பார்வையாளர்களே பாட்டை முடித்தனர். அதுவே அவ்வாண்டின் மிகச் சிறந்த கச்சேரி என்று பேசிக்கொண்டனர். ஒடெசாவின் தனி வாசிப்பு வந்தபோதுதான் ஈவ்ஸ் கண்களை மூடிக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் ராட்னி என்னை மறித்தார். "அம்மா, ரெண்டு தடவ ஏத்துனீங்க. எவ்ளோன்னு மெஷின்ல பதிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு உங்கள?"

"ஒண்ணும் பண்ணலப்பா" என்றேன். அவ்வெண்களே தற்போது தங்கள் மேசைமேல் உள்ளன. அவை சரியானவை.

வேலையை நிரந்தரமாக்கும் குழுவில் ஒன்பது பேர். நால்வர் ஒடெசாவை ஆதரித்தனர், நால்வர் எதிர்த்தனர். ஒன்பதாமவர் நான். பழக்கத்தையும் பரிவையும் ஒதுக்கிவைத்து, அன்று மேடையில் என் செவி கேட்டதை மட்டுமே கருதி, வேண்டாம் என்று வாக்களித்தேன். தம் சுரம் பிறழ்வதை உணராத ஒருவரோடு அருகமர்ந்து வாசிப்பது எத்துணை வேதனை என்பதை, ஐயா, தாங்கள் அறியமாட்டீர்கள்.