மாமாவின் அறை கணக்கில் வராது

இந்த ஸ்டேஷனில் தேவைக்கு மேல் ஒரு டியூப் லைட் எரிகிறது ஐயா. ஜன்னலைத் திறந்து, அந்த பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் பகலில் விளக்கே வேண்டாம். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். தொழில் அப்படி.

என் பெயர் செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். அண்ணாமலை நகர் தாண்டி, வயல் ஆரம்பிக்கிற இடத்தில் என் வீடு. அந்த மனை என் கல்யாணத்தின்போது என் மாமனார் சடையப்பன் கொடுத்தது. அவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

கோயம்புத்தூரில் பசுமை இல்ல மன்றம் என்று ஒன்று இருக்கிறது. பழைய வீட்டைப் பசுமை வீடாக மாற்றிக் காட்டுகிறவர்களுக்கு வாசலில் பதிக்க ஒரு பித்தளைப் பலகை தருகிறார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அந்தப் பலகை இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அவர்களுடைய முறையும் நாணயமானது. முதலில் உன் வீடு இப்போது எவ்வளவு கரண்டு செலவு செய்கிறது என்று அள. பிறகு எவ்வளவு குறைப்பாய் என்று நீயே ஓர் இலக்கு வை. வீட்டைத் திருத்திக் கட்டு. மறுபடி அள. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

நடந்த தவறு முதல் அளவில் நடந்தது. அது தவறு என்பதை நான் மறைக்கவில்லை.

தானே புயல் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பங்கள் எல்லாம் ரோட்டில் படுத்திருந்தன. எங்கள் பக்கம் கரண்டு திரும்பி வர வெகு நாளாயிற்று. வந்த பிறகும் கண் சிமிட்டிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மாதக் கணக்கைத்தான் ரீடிங் எடுப்பவர் கரண்டு அட்டையில் எழுதிவிட்டுப் போயிருந்தார். மன்றத்திலிருந்து மதிப்பீடு செய்ய வந்த மணிவண்ணன், கடைசி ரீடிங் எதுவோ அதுதான் முதல் அளவு என்றார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத்தனை கம்மியா செலவு பண்ற குடும்பத்தை நான் பார்த்ததே இல்லீங்க. உங்க வீட்டைப் பார்த்து நாங்க கத்துக்கணுங்க" என்றார்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். புயலைச் செய்தியில் பார்த்திருப்பார், அவ்வளவுதான். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐயா, என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. என் மனைவி காயத்ரி என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நின்றேன். இலக்கு என்ன வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கேட்டபோது, இதில் பாதி என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். அதற்குமேல் புயலைப் பற்றிப் பேசுவது நாகரிகமாக இருக்காது.

வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்தேன். மேற்குச் சுவருக்கு, நிலக்கரிச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல்லால் இன்னொரு சுவர் போர்த்தினேன். சுடுதண்ணீருக்கு சோலார். வீடு உண்மையிலேயே குளுகுளுவென்று ஆகிவிட்டது. ஆனால் அடுத்த ரீடிங் இலக்கைப்போல பல மடங்கு வந்தது. ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். கரண்டு இருந்ததுதான் காரணம்.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஃபிரிட்ஜைத் துணி அடுக்கும் அலமாரி ஆக்கினேன். கதவு இறுக்கமாக மூடுவதால் பூச்சி வராது, உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். வாஷிங் மெஷினில் நெல் கொட்டி வைத்தோம். மிக்ஸியையும் டிவியையும் பரணில் ஏற்றினேன். காயத்ரி மாவரைக்கவும் சீரியல் பார்க்கவும் பக்கத்து வீட்டு செல்லாயியிடம் போக ஆரம்பித்தாள்.

"இன்னாங்க இது, புயலு போயி ஊரெல்லாம் வெளிச்சம் வந்துடுச்சி. நம்ம வூட்ல மட்டும் இன்னும் அடிச்சிக்கினே இருக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

செல்லாயி வீட்டு மிக்ஸியில் அரைப்பது சரியா என்று எனக்கும் உறுத்தியது. மன்றத்தின் விதிகளைப் புரட்டினேன். அளவீட்டு எல்லை என்று ஒரு விதி இருந்தது. வீட்டின் சுவர்களுக்கு உள்ளே செலவாவது மட்டும்தான் வீட்டின் செலவு. எல்லைக்கு வெளியே நடப்பது கணக்கில் வராது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். எவ்வளவு அருமையான விதி பாருங்கள்.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தகரக் கொட்டகையில் புழுதியும் வெக்கையுமாக இருந்ததில் ஏற்கெனவே பீடியில் பாழான நுரையீரல் சுத்தமாகக் கெட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு ஆக்ஸிஜன் மெஷினோடு அனுப்பி வைத்தார்கள். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டால் அவருக்கு நிம்மதி. மெஷின் பகலும் இரவும் ஓட வேண்டும், நின்றால் வாசல்வரைகூட அவரால் நடக்க முடியாது. கரண்டு போகிற நேரத்துக்கு ஒரு சிலிண்டர். பின்கட்டு அறையைக் கொடுத்தோம்.

எனக்கு அவர்மேல் பிரியம்தான். அதில் சந்தேகமே வேண்டாம். என்னை வெளியில் யாரிடம் சொன்னாலும் எங்க மாப்ள இன்ஜினீயரு என்றுதான் சொல்வார். நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால் ஐயா, வீட்டில் மீதியிருந்த விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட அந்த ஒரு மெஷின் அதிகம் தின்றது. நான் அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பலகையைப் பற்றி, இலக்கைப் பற்றி.

"மாமா, மெஷின் ஓயாம ஓடுது. கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி மூச்சு வுட்டுக்க முடியுமா பாருங்களேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பாக்கறேன் மாப்ள. ஆபீஸருங்க கேட்டா நீ மட்டும் இன்னா பண்ணுவ" என்றார்.

சொன்னதைச் செய்தார். சாயங்காலங்களில் தானே சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பார். உதடு நீலம் பூத்ததும் காயத்ரி ஓடிவந்து போட்டுவிடுவாள். "உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா" என்று என்னைத்தான் கத்துவாள். மாமா மட்டும் என்னைப் பார்த்து, எவ்வளவு கொறைஞ்சிது மாப்ள என்று கையாலேயே கேட்பார். எனக்குக் கண் கலங்கிவிடும். அப்படி ஒரு மாமனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் போதவில்லை. அப்போதுதான் எல்லை விதி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

அவரை அங்கே தள்ளிவிட்டேன், இங்கே அனுப்பிவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். வயிற்றெரிச்சல். அவரை நான் ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. சுவரைத்தான் நகர்த்தினேன். கொத்தனார் சிங்காரத்தைக் கூப்பிட்டு, கூடத்திலிருந்து பின்கட்டு அறைக்குப் போகும் வாசலைச் சாம்பல் கல் வைத்து அடைக்கச் சொன்னேன். நடுவில் காற்றுக்கு இடம் விட்டு இரட்டைச் சுவர். இந்தப் பக்கத்து வெக்கையும் சத்தமும் அந்தப் பக்கம் போகாது.

சிங்காரம் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றான். "உள்ள பெரியவரு இருக்காரே சார்?"

"அவருக்குப் பின் சந்துல வாசல் இருக்குது. நீ வை" என்றேன்.

காயத்ரியிடம், இந்த அடைப்பு தற்காலிகம், வேலை முடியும்வரை தூசி போகாமல் இருக்க என்று சொல்லியிருந்தேன். அவர் நுரையீரலுக்கு நல்லதுதானே. அறைக்குப் போகிற கரண்டு ஒயரையும் கழற்றிவிட்டேன், ஏனென்றால் எல்லைக்கு வெளியே இருக்கிற அறைக்கு எல்லைக்கு உள்ளே இருந்து கரண்டு போகக்கூடாது. தனி சர்வீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றேன். எழுதிப் போடவில்லை. ஒரே கதவு எண்ணில் இரண்டு சர்வீஸ் இருந்தால் மன்றம் இரண்டையும் சேர்த்துவிடும். அதுவரைக்கும் என்று செல்லாயி தன் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தாள். நல்ல பெண்மணி. மாமாவின் மெஷின் அதில் ஓடியது. காயத்ரி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு பின் சந்து வழியாகச் சுற்றிப் போய்வந்தாள். மாமா அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவார், நான் இந்தப் பக்கமிருந்து தட்டுவேன். எங்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ரீடிங் இலக்குக்குள் வந்தது. அட்டையை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது.

கடைசிச் சோதனைக்கு மணிவண்ணன் தேதி கொடுத்தார். முதல் நாள் மாடியில் நின்று எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். செல்லாயி வீட்டு ஒயர் என் மாடி ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சந்துக்குப் போவதை அப்போதுதான் கவனித்தேன். எல்லையைத் தொடுகிற ஒயர் எல்லைக்குள் இருக்கிற ஒயர். அவர் பார்த்தால் கேட்பார். கேட்டால் அறை உள்ளே வந்துவிடும், மெஷின் உள்ளே வந்துவிடும், எல்லாம் கை மீறிப் போய்விடும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் உறவில் ஒரு கல்யாணம் இருந்தது. "அப்பாவ வுட்டுட்டு எப்டிங்க போறது?" என்றாள் காயத்ரி. "நான் எதுக்கு இருக்கறேன்?" என்றேன். செல்லாயியையும் கூட அனுப்பினேன். சோதனை நாள் காலையில் இரண்டு பேரையும் நானேதான் பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். சிலிண்டரை முந்தின நாளே நிரப்பக் கொடுத்திருந்தேன். அது காலியாகவில்லை. நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

மணிவண்ணன் வந்தார். வெள்ளை ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குள் எவ்வளவு அமைதி இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. சத்தம் அளக்கிற ஒரு சின்னக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சுவர் தட்டும் சத்தம் கேட்டது. இரட்டைச் சுவர் ஆனதால் லேசாகத்தான் கேட்டது. ஆனால் விடாமல் கேட்டது.

"என்னங்க அது?" என்றார்.

"பக்கத்து மனை சார். வேலை நடக்குது."

"அமைதிக்கு மார்க் கொறையுதுங்களே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அவர் அப்போதே போயிருந்தால் நான் ஒயரைத் திரும்ப மாட்டியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்தப் பலகையைக் காப்பாற்றிக்கொள்ள வருஷா வருஷம் அளந்து காட்ட வேண்டும் ஐயா. வருஷா வருஷம் ஒயரைக் கழற்றுவதும் மாட்டுவதும், காயத்ரியை ஏதாவது கல்யாணத்துக்கு அனுப்புவதும் நடக்கிற காரியமா? நீடித்து நிற்கிற ஒரு தீர்வு வேண்டும் என்பதுதானே பசுமை வீட்டுக்கே அடிப்படை?

அதனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். காயத்ரி வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய் கொத்சும் சம்பா சாதமும் இருந்தது. இலை போட்டு நானே பரிமாறினேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார். கோயம்புத்தூரில் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் ஒவ்வொரு தட்டலையும் கேட்டேன். யார் தட்டுகிறார், எதற்குத் தட்டுகிறார் என்று தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு மோர் ஊற்றும்போது இடைவெளி கூடியது. வெற்றிலைத் தட்டை நீட்டியபோது நின்றுவிட்டது.

மணிவண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சந்தோஷமாக எழுந்து கருவியை மறுபடி பிடித்தார். "வேலை முடிஞ்சிருச்சாட்ட இருக்குதுங்க. அருமையா வருது. மொதல்ல எடுத்த சத்த ரீடிங்கை விட்டுறலாங்க."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். மாமா கடைசிவரை எனக்கு ஒத்தாசையாகவே இருந்தார்.

சாயங்காலம் காயத்ரி வந்தாள். சந்து வழியாகப் போய்ப் பார்த்தாள். கத்தவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவளுக்கு அளவுகள் புரியாது.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கழற்றியது நான்தான். சிலிண்டரை அனுப்பியது நான்தான். அவர் சாகட்டும் என்றுதான் இலை போட்டேன், அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சடையப்பனைக் கொன்றது நான்தான் என்று எத்தனை பக்கத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். சம்பவம் நடந்த இடம் என்கிற இடத்தில் 'என் வீட்டின் பின்கட்டு அறை' என்று போட்டிருக்கிறீர்கள். பலகை இன்னும் வந்து சேரவில்லை. தயவுசெய்து அதை அடித்துவிட்டு, 'வீட்டுக்கு வெளியே' என்று மாற்றிக் கொடுங்கள் ஐயா.